மலைநாட்டு ரேடியோக்களின் தீர்க்காயுள்

நுவரெலியாவின் சீதோஷ்ணம் இரும்புக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் ஒருசேரப் பகையானது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல், இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலவின் அடிவாரத்தில் அமைந்த அந்நகரத்தில், மூடுபனி வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலைப் புல்லின்மேல் உறைபனி படிகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா முதலிய மேற்குச் சரிவுகளில் நாள்கணக்கில் சூரியனைக் காண்பது அரிது. பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையில் பூஞ்சணம் பூக்கும். கதவுக் கீல் துருவேறி முனகும். புத்தகத்தின் அட்டை தனியே கழன்று வரும். இத்தகைய பிரதேசத்தில், மெல்லிய செப்புக் கம்பியாலும் மெழுகிட்ட காகிதத்தாலும் கண்ணாடிக் குமிழ்களாலும் ஆன ஒரு யந்திரம் முப்பது நாற்பது வருஷ காலம் உழைத்துத் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறியது என்றால், அதன் காரணங்கள் ஆராயத் தக்கவை.

பழைய காலத்துப் பொருளெல்லாம் உறுதி, இக்காலத்துப் பொருளெல்லாம் சொத்தை என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் அதனால் எதுவும் விளங்கிவிடாது. அந்தச் சிற்றலை ரேடியோக்களும் பழுதாயின, அடிக்கடியே பழுதாயின. பழுதான ஒவ்வொரு தடவையும் அவை திறக்கப்பட்டன, கெட்டது எதுவென்று கண்டுபிடிக்கப்பட்டது, அது மட்டும் மாற்றப்பட்டது, பெட்டி மறுபடியும் பேசியது. அவற்றின் தீர்க்காயுளில் செய்தவனுக்கு ஒரு பங்கும், செப்பனிட்டவனுக்கு ஒரு பங்கும், அதை விட்டால் வேறு கதியில்லாமல் வைத்துக் காப்பாற்றிய தோட்டத்து ஜனங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய பங்கும் உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இலங்கையில் ஒலிபரப்பின் ஆரம்பம் பலரும் அறிந்ததே. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921-இல் வந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு 1923-இல் பரீட்சார்த்த ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16-ஆம் தேதி தேசாதிபதி சர் ஹியூ கிளிஃபோர்ட் கொழும்பு நிலையத்தை முறைப்படி ஆரம்பித்து வைத்தார். ஆயினும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நன்றாகக் கேட்ட அந்த ஒலி மலைகளில் ஏறி வருவதற்குள் இளைத்துப் போயிற்று. மலைநாட்டிற்கு ரேடியோவின் மீது ஆசை உண்டாக்கியது கொழும்பு அன்று. கடல் கடந்த தேசங்களே. ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனி 1927-இல் ஐந்தோவனிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சிற்றலையில் பேசத் தொடங்கியது. 1932 டிசம்பர் 19-ஆம் தேதி லண்டன் பி.பி.சி. தன் சாம்ராஜ்ய சேவையை டாவென்ட்ரியிலிருந்து ஆரம்பித்தது. ஆறே நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் தினத்தன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், கிப்ளிங் எழுதிக் கொடுத்த வாழ்த்துரையைத் தம் வாயாலேயே குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் வாசித்தார். கப்பல் கொண்டு வரும் பத்திரிகையைப் பல வாரம் காத்திருந்து படித்து வந்த தோட்டத்துத் துரைமாருக்கு இது எத்தகைய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பங்களாக்களின் கூரைமேலிருந்து யூக்கலிப்டஸ் மரத்தின் உச்சிவரை ஏரியல் கம்பிகள் இழுக்கப்பட்டன. கிளப்பிலும் பங்களாவிலும் தேக்குப் பெட்டிக்குள் இருந்த அந்த யந்திரத்தைத் தோட்டத்து ஜனங்கள் தூரத்திலிருந்தே கேட்டார்கள்.

மலைகளுக்குச் சிற்றலை ஏன் பொருந்தியது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மத்திய அலை பெரும்பாலும் பூமியைத் தழுவிக்கொண்டு செல்வது. மலையும் பள்ளத்தாக்கும் குறுக்கிடுமிடத்தில் அதன் பலம் குன்றிவிடும். பகல் வேளையில் தூரத்து மத்திய அலை நிலையங்கள் கேட்பதேயில்லை. சிற்றலையோ வானத்தை நோக்கிப் புறப்பட்டு, தரையிலிருந்து 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்றிருக்கும் வாயு மண்டலத்தில் பட்டு வளைந்து, மறுபடியும் பூமிக்கு இறங்குகிறது. மேலேயிருந்து இறங்கும் அலைக்கு மலையும் ஒன்றுதான், மைதானமும் ஒன்றுதான். நாலு பக்கமும் குன்று சூழ்ந்த, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலிலும் அது வந்து விழும். ஏறுவதும் இறங்குவதுமாக ஒலி ஊசலாடும், இடியோசையில் கரகரக்கும், இரவில் ஒரு மீட்டரும் பகலில் ஒரு மீட்டருமாக முள்ளை நகர்த்திக்கொண்டேயிருக்க வேண்டும். அந்தச் சிரமங்களோடுங்கூட, பொகவந்தலாவையின் கடைசித் தோட்டத்திற்கும் உலகத்தின் பேச்சைக் கொண்டு சேர்க்க அன்றைக்கிருந்த மார்க்கம் அது ஒன்றே.

உலகத்தைக் கேட்பதற்குச் சாதனமாக இருந்த சிற்றலை, சொந்த பாஷையைக் கேட்பதற்கும் சாதனமானது இரண்டாம் உலக யுத்தத்தின் பயனாக. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944-இல் கண்டிக்கு வந்தபோது, சிப்பாய்களின் உற்சாகத்திற்காக ரேடியோ சியாக் என்னும் நிலையம் தோன்றியது. அதற்கென ஏக்கலவில் 100 கிலோவாட் சக்தியுள்ள சிற்றலைக் கருவி நிறுவப்பட்டது. யுத்தம் முடிந்து படைகள் கலைந்த பின், 1949-இல் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. இரண்டு வருஷத்தில் இந்தியாவில் தகவல் மந்திரியாக வந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஏறக்குறைய விலக்கிவிட, 1957 ஒக்டோபரில் விவித் பாரதி என்னும் பொழுதுபோக்குச் சேவை அங்கே தோன்றும்வரை பாரத தேசமே இலங்கை வானொலியின் பக்கம் செவியைத் திருப்பிற்று. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்த காலம் அது. பின்வந்த கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட் ஆகியோரைப் பற்றித் தமிழ்நாட்டார் எழுதியிருப்பவை மிகுதி; ஆனால் அதே குரல்களுக்கு மிக அருகில், மிக அதிக தாகத்தோடு காத்திருந்த லயத்து ஜனங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பது சொற்பம். பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் லிந்துலை, ராகலை, கந்தப்பளை என்று தங்கள் ஊர்ப் பெயரும், தோட்டப் பெயரும், டிவிசன் பெயரும் வாசிக்கப்படுவதைக் கேட்ட ஒரு குடும்பம் எத்தனை நாள் அதைப் பேசிக்கொண்டிருந்திருக்கும்! செக்றோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் மட்டுமே எழுதப்பட்டு வந்த பெயர்கள் அவை.

இனிப் பெட்டிக்கு வருவோம். அக்காலத்து வால்வு ரேடியோ ஒன்றின் பின்பலகையை நாலு திருகாணி கழற்றி எடுத்துவிட்டு உள்ளே நோக்கினால், முதலில் கண்ணில் படுவது அதன் விசாலம். துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு ஒன்று. அதன்மேல் ஐந்து வால்வுகள் தத்தம் குழியில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஈ.சி.எச். 81, ஈ.எல். 84 என்று அதன் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. கெட்டுப்போன வால்வை விரலால் பிடுங்கி எடுத்துவிட்டு, அதே பெயருள்ள வேறொன்றைச் செருகினால் போதும். அது பிலிப்ஸ் செய்ததானாலும் முல்லார்ட் செய்ததானாலும் டெலிஃபுங்கன் செய்ததானாலும் ஒன்றே. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கண்டன்சரும் ஒவ்வொரு ரெசிஸ்டரும் இரண்டு கால்களால் தனித்தனியே தாங்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியும்படி, இடுக்கிக்கு எட்டும்படி, ஈயத்தால் பற்ற வைக்கப்பட்டிருக்கும். பல பெட்டிகளில் உள்பக்கத்திலோ கூட வந்த காகிதத்திலோ சர்க்கியூட் படமும் இருக்கும். செய்தவன், இது ஒருநாள் பழுதாகும் என்று எதிர்பார்த்தே செய்திருக்கிறான். பழுது பார்ப்பவனுக்கு வழிவிட்டும் செய்திருக்கிறான். இந்த மரியாதை அக்காலத்து யந்திர சாஸ்திரத்தின் சிறந்த அம்சம் என்று நான் கருதுகிறேன்.

எல்லா உறுப்பும் ஒரேவிதமாக நிலைப்பதில்லை. நிலையம் பிடிக்கும் கேங் கண்டன்சர், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்றை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டது. தகடுகள் வளையாமல், தூசியைத் துடைத்து வைத்தால் அதற்கு முடிவே இல்லை. மைக்கா கண்டன்சர்களும் நெடுங்காலம் தாங்குபவை. பேக்லைட் பெட்டியைக் கறையான் தொடாது. மலைநாட்டு ஈரத்திற்கு முதற்பலியாவது மெழுகிட்ட காகிதக் கண்டன்சரே. மெழுகின் இடுக்கு வழியாக நீராவி புகுந்து காகிதத்தை நனைக்க, தடுத்து நிறுத்த வேண்டிய மின்சாரத்தை அது கசியவிடுகிறது. அவற்றுள்ளும் கடைசி வால்வின் வாசலில் நிற்கும் சிறிய கண்டன்சர் ஒன்று கசிந்துவிட்டால் குரல் கம்மும், வால்வு அளவுக்கு மீறிச் சூடேறும், சில நாளில் அந்த வால்வே போய்விடும். விஷயமறிந்தவர் குரல் கம்மிய அன்றே பெட்டியை நிறுத்திக் கடைக்குக் கொண்டு போனார். அற்ப விலையுள்ள ஓர் உறுப்போடு செலவு முடிந்தது. அறியாதவர் பாட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்து வால்வை இழந்தார்.

ஈரத்திற்கு மருந்தும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மின்சாரத்தில் ஓடும் வால்வு ரேடியோ நாற்பது ஐம்பது வாட் வரை உட்கொண்டு, அதில் பெரும்பாலானதை வெப்பமாகவே வெளியிடுகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் பெட்டியின் மேற்பலகை கைக்கு இதமாகச் சுடும். தினந்தோறும் மாலையில் பாடிய ரேடியோ தினந்தோறும் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொண்டது. துரை சீமைக்கு லீவில் போய், பங்களாவைப் பூட்டி, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால்தான் புகை கிளம்பியது. உபயோகத்தால் தேய்வதைவிட உபயோகமில்லாமையால் கெடுவது அதிகம் என்பதை இந்த யந்திரத்தைப் பொறுத்தவரை சத்தியமாகவே சொல்லலாம்.

ஆனால் மின்சாரம் யாருக்கு இருந்தது? பங்களாவுக்கு இருந்தது, ஸ்டோர் என்று ஜனங்கள் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு இருந்தது, ஸ்டோரை அடுத்திருந்த டீமேக்கர், கிளாக்கர் வீடுகளுக்கும் பல தோட்டங்களில் கிட்டியது. லயத்திற்கு இல்லை. விமலசுரேந்திர என்னும் மேதை கண்ட கனவின்படி 1950-இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்றீ நீர்த்தேக்கம் 1965-இலும் மவுசாக்கலை 1969-இலும் எழும்பி, பழைய மஸ்கெலியாப் பட்டணமே நீரில் மூழ்கியது. அந்தப் பள்ளத்தாக்குகளின் தண்ணீர் கொழும்பு நகரத்துக்கு விளக்கேற்றிய அந்தக் காலத்தில், அணைகளுக்கு நேர் மேலே உள்ள லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. பல தோட்டங்களில் இந்த நிலை இன்னும் பல வருஷம் நீடித்தது. இதை எழுதும்போது மனம் கசக்கிறது.

ஆகையால் லயத்து ரேடியோ பெட்டரி ரேடியோவாகவே இருக்க வேண்டியதாயிற்று. அதிலும் ஆரம்பத்தில் வந்தவை வால்வுப் பெட்டிகளே: டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 என்ற நாலு சிறு வால்வுகள், அவற்றின் இழையை எரிக்க ஒன்றரை வோல்ட் பெட்டரி ஒன்று, உயர் அழுத்த மின்சாரத்திற்குத் தொண்ணூறு வோல்ட் பெட்டரி ஒன்று. இந்தப் பெரிய பெட்டரியின் விலை தொழிலாளியின் நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டால் பயங்கரமானது; ஆதலால் அவை பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் ஆகியோர் வீட்டோடு நின்றன. ஏழை உழைப்பாளிக்கென்று ரேடியோ செய்யும் முயற்சி வேறோர் இடத்தில் நடந்தது. வட ரொடீஷியாவில் தகவல் இலாகாத் தலைவராயிருந்த ஹாரி ஃபிராங்க்ளின் என்பவர் பல கம்பெனிகளின் வாசலேறி, 1949-இல் எவர் ரெடி கம்பெனியைக் கொண்டு ஐந்து பவுன் விலையில் ஒரு பெட்டரி ரேடியோ செய்வித்தார். அலுமினியச் சமையற்பாத்திரத்தின் உடலையே கூடாக வைத்து, நீல வர்ணம் பூசப்பட்ட அந்த ரேடியோ ஆப்பிரிக்கக் குடிசைகளில் புகுந்தது. நம் தோட்டங்களுக்கு அப்படி ஒரு புண்ணியவான் வாய்க்கவில்லை. டிரான்சிஸ்டர் வரும்வரை ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1954-இல் ரேடியோவாகக் கடைக்கு வந்த டிரான்சிஸ்டர், 1960-களில் மலைநாட்டு லயங்களை எட்டியது. நாலு டோர்ச் பெட்டரியில் அது பல வாரம் பாடும். டோர்ச்சில் ஒளி மங்கிப்போன பெட்டரிகூட ரேடியோவுக்கு ஆகும். டோர்ச் பல்பு கேட்கும் மின்சாரத்தில் சிறு பங்கே ரேடியோவுக்குப் போதும் என்பதே காரணம். இதை ஜனங்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். மங்கிய பெட்டரிகளைக் கூரைத் தகரத்தின்மேல் வெயிலில் காய வைத்து மேலும் இரண்டு நாள் ஆயுள் பெற்றார்கள். ஆறு எட்டுப் பெட்டரிகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கி, வெளியிலிருந்தே கம்பியிழுத்து ஓட்டினார்கள். வால்வைப் போல டிரான்சிஸ்டர் சூடேறுவதில்லை. ஆதலால் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும் வித்தை அதற்கு இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவில் எந்த மூலையில் வைத்தாலும் அடுப்பின் வெப்பம் அதை எட்டியது, புகையும் எட்டியது. புகைக்குத் தப்ப அதன்மேல் பின்னல் துணி போர்த்தியதும், தோலுறையைக் கழற்றாமலேயே பாட வைத்ததும் அலங்காரத்திற்காக மட்டும் என்று எண்ண வேண்டாம்.

டிரான்சிஸ்டரிலும் தீர்க்காயுள் தானாக வந்துவிடவில்லை. 1960-களில் ஐரோப்பிய ரேடியோக்களில் மிகுதியாகப் பயன்பட்ட ஏ.எஃப். 114 முதல் ஏ.எஃப். 117 வரையான டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு விசித்திர வியாதி உண்டு. அவற்றின் சிறு உலோகக் கூட்டின் உள்ளே, வருஷங்கள் செல்லச் செல்ல, வெள்ளீயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் தாமாகவே முளைத்து, உள்ளிருக்கும் உறுப்பைக் கூட்டோடு இணைத்துவிடும், ரேடியோ ஊமையாகிவிடும். அந்த டிரான்சிஸ்டருக்கு நாலு கால்கள். நாலாவது கால் கூட்டைப் பூமியோடு பிணைப்பது. அந்த ஒரு காலைக் கத்தரித்துவிட்டால் முடி முளைத்தும் பெரும்பாலும் தீங்கில்லை. பெட்டி மீண்டும் பேசும். காசு செலவில்லாத சிகிச்சை இது.

இத்தகைய சிகிச்சைகளைச் செய்தவர்களை மலைநாட்டில் ‘ரேடியோ பாஸ்’ என்று அழைப்பது வழக்கம். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா கடைத்தெருக்களில், துணிக்கடைக்கும் அடகுக் கடைக்கும் இடையே ஓராள் அகலத்தில் அவர்கள் கடை இருந்தது. ஓர் ஏவோமீட்டர், சோல்டரிங் அயன், பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிச் சேர்த்த உறுப்புகள் நிறைந்த பிஸ்கட் டின்கள் ஆகியவையே மூலதனம். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துண்டில் பொதிந்த ரேடியோவைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருபவர்களுக்கு ரேடியோ பாஸ் வைத்தியரே.

ரேடியோ பாஸின் கைத்திறனைக் காண வேண்டுமானால் டயல் நூல் கட்டுவதைப் பார்க்க வேண்டும். நிலையம் திருப்பும் குமிழுக்கும் கேங் கண்டன்சரின் சக்கரத்துக்கும் சம்பந்தம் ஒரு நூலினாலேயே. அந்த நூல் குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மூலைக்கு மூலை உள்ள சிறு கப்பிகளில் ஏறி இறங்கி, முள்ளைத் தாங்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னே கிடையாக ஓடி, பெரிய சக்கரத்தைச் சுற்றி வந்து, அதனுள் ஒரு சிறு ஸ்பிரிங்கில் முடியும். நூல் ஈரத்தில் இளகினால் குமிழ் வழுக்கும், முள் நகராது. அறுந்தால் கொழும்பும் லண்டனும் ஒரே இடத்தில் நின்றுவிடும். கம்பெனி நூல் கிடைக்காத காலத்தில் தூண்டில் நரம்பு உபயோகமாயிற்று. அது தண்டில் வழுக்காதிருக்கச் சிறிது பிசின் தடவி, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கப்பிகளில் ஓட்டி, ஸ்பிரிங் போதிய இழுப்புக்கு வந்ததும் முடிச்சிட்டு, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்த்து, கடைசியாக, தமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நிலையத்தைப் பிடித்து, முள்ளை அதன் எண்ணின்மேல் நகர்த்தி, ஒரு சொட்டு வார்னிஷால் ஒட்டுவார்கள். பல பெட்டிகளில் அந்த நிச்சயமான நிலையம் இலங்கை வானொலியே.

இந்தத் தொழில் அவ்வளவு செழித்ததற்கு அரசாங்கக் கொள்கையும் ஒரு காரணம். 1960-களிலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி குறைக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு உச்சத்திலிருந்தது. சீமை ரேடியோவுக்கு வழியில்லை. உபாலி விஜேவர்தனவின் கம்பெனி உள்நாட்டிலேயே பொருத்திய யுனிக் ரேடியோ சந்தைக்கு வந்தது. ஆயினும் 1973, 1974-ஆம் வருஷங்களில் தோட்டங்களில் பட்டினியே தலைவிரித்தாடியபோது, புது ரேடியோ வாங்குவதை யார் நினைப்பார்? உள்ளதை உயிரோடு வைத்திருப்பதே வழி. அந்த வருஷங்களில் ரேடியோக்களுக்குக் கிடைத்த தீர்க்காயுளில் வறுமையின் கையும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

கஷ்டத்திலும் ஏன் ரேடியோவை விற்றுவிடவில்லை என்று ஒருவர் கேட்கலாம். பாட்டு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் செய்தி. 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் தேதி புதுதில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்களும் லால்பகதூர் சாஸ்திரி அவர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்றும் பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தாங்கள் எந்த எண்ணிக்கையில் அடக்கம் என்பதை அறிய அவர்களுக்கு ரேடியோவும், காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் யாரேனும் வாசிக்கும் பத்திரிகையுமே இருந்தன. இன்னொரு விஷயமும் உண்டு. ரேடியோ வைத்திருப்பவர் தபாற்கந்தோரில் வருஷாந்தரம் பணம் கட்டி லைசென்ஸ் பெற வேண்டும்; பிரஜையென்று ஒப்புக்கொள்ளப்படாதவரும் கட்டினார். இராஜாங்கத்தின் முத்திரையோடு அவர் பெயர் தாங்கிய ஒரு காகிதம் லயத்தில் இருந்ததென்றால், சில வீடுகளில் அது அந்த லைசென்ஸாகவே இருந்திருக்கும்.

அந்த ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வழியாகப் போய், கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள், அங்கே நீலகிரிப் பனியிலும் இலங்கை வானொலியைப் பிடித்துக் கேட்டார்கள். சிற்றலைக்கு ஒப்பந்தம் தெரியாது. இங்கே நின்றவர்களுக்கோ 1983 ஜூலை இனக்கலவரத்தின் பயங்கரத்திலும் அதன் பின்னும், இரவு வேளையில் கதவைத் தாளிட்டு ஒலியைத் தாழ்த்திக் கேட்ட லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை, உண்மை நிலவரத்தை அறியும் துணையாயிற்று. 1941-இல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம்.

முடிவு மெல்ல வந்தது. 1977-க்குப் பின் சந்தை திறந்தது. ஜப்பானியக் கேசட் ரேடியோக்கள் வந்து குவிந்தன. 1982-இல் ரூபவாஹினி தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகலவின் உச்சியிலேயே எழுந்தது. லயங்களுக்கு மின்சாரம் ஏறிவந்தபோது தொலைக்காட்சியும் கூடவே வந்தது; பின்பு பண்பலை, பின்பு கைப்பேசி. 2017-இல் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. பெட்டி உறுதியாகவே இருந்தது. கேட்பதற்கு இருந்த குரல்கள்தான் அலையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின.

இன்றும் மலைநாட்டில் பல வீடுகளின் பரணில் இப்பெட்டிகள் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போருக்கு ஒரு விண்ணப்பம். பல வருஷம் கிடந்த வால்வுப் பெட்டியை ஆசையால் நேரே மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். முதலில் விஷயமறிந்த ஒருவரிடம் கொடுத்துக் காகிதக் கண்டன்சர்களையும், காய்ந்துபோன பெரிய கண்டன்சரையும் மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் அது போதும். டிரான்சிஸ்டர் பெட்டியிலிருந்து ஒழுகிய பெட்டரியை இன்றே எடுத்துவிடுங்கள். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுமுன், யார் வாங்கியது, எந்த வருஷம், எந்தச் சம்பளத்தில், எந்த ஊர்க் கடையில் செப்பனிட்டது என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். லைசென்ஸ் இருந்தால் அதையும் கூட வையுங்கள். கம்பளைக்கு அண்மையில், ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்திலேயே அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இத்தகைய பொருள்களுக்காகவே இருக்கின்றன. ரேடியோ பாஸ்மாரில் இன்னும் நம்மிடையே இருப்பவர்கள் வயது முதிர்ந்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.